எந்த நாடு நீங்க?

கொல்லிமலைப் பாதையின் கடைசிக் கொண்டை ஊசி வளைவின் பலகையில் 70 என்று எழுதியிருக்கும். காரவள்ளி அடிவாரத்தில் எண்ணத் தொடங்குகிறவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். வயிறு மட்டும் விடாமல் எண்ணிக்கொண்டே வரும். சோளக்காடு தாண்டி, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைப் பக்கம் இறங்கி ஒரு டீ குடித்தால்தான் கால் தரையில் நிற்கும்.

கொல்லிமலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்ளும்போது பேச்சு ஊர்ப் பெயரோடு நிற்பதில்லை. ‘எந்த நாடு?’ என்பதும் கூடவே வரும். அதற்குப் பதில் இந்தியா இல்லை. வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, அரியூர் நாடு, ஆலத்தூர் நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, குண்டனி நாடு, சித்தூர் நாடு, திருப்புளி நாடு, எடப்புளி நாடு, பேரக்கரை நாடு, பைல் நாடு. மொத்தம் 14. செம்மேடு வாழவந்தி நாட்டில் இருக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வளப்பூர் நாட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள். பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாமல் ஒரே நாளில் ஐந்தாறு நாடு சுற்றிவிடலாம்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் சட்டைப்பையிலும் ஒரு நாடு இருந்தது. செல்போனுக்குள். பல வருடங்களுக்கு முன் நானே உண்டாக்கி, கொடி தேர்ந்தெடுத்து, நாணயத்துக்குப் பெயர் வைத்து, தேசிய விலங்காகத் தேவாங்கை அறிவித்து, பிறகு மறந்துபோன நாடு. அதற்கு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அப்படிப்பட்ட நாடுகள் எப்படி நடக்கின்றன, அங்கே யார் கையில் அதிகாரம் போய்ச் சேருகிறது என்று பார்த்துவிடுவோம். மண்ணும் போலீஸும் வரியும் இல்லாத இடத்தில் அதிகாரம் எதன்மேல் நிற்கும்? இந்தக் கேள்விக்காகத்தான் இந்த விளையாட்டுகளைக் கவனிக்கத் தொடங்கினேன்.

28 நாள்

ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி தன் ‘ஜெனிஃபர் கவர்ன்மென்ட்’ நாவலுக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று 2002 நவம்பரில் ஒரு இணைய விளையாட்டைத் தொடங்கினார். பெயர் நேஷன்ஸ்டேட்ஸ். ஆளுக்கொரு நாடு. தினமும் ஓரிரு பிரச்சினைகள் மேசைக்கு வரும்: பத்திரிகைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டுமா, காட்டை வெட்டிச் சாலை போடலாமா, ஓட்டுப் போடாதவருக்கு அபராதம் விதிக்கலாமா. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து அமைச்சர்கள் நாலைந்து விதமாக, பெரும்பாலும் கிறுக்குத்தனமாக, ஆலோசனை சொல்வார்கள். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்கேற்ப உங்கள் நாட்டின் பொருளாதாரமும் உரிமைகளும் ஏறி இறங்கும். நாவலை வாங்கியவர்களைவிட விளையாட வந்தவர்கள்தான் அதிகம் என்று தோன்றும் அளவுக்கு அது பெருகியது.

தொடக்கத்தில் அதன் பொது மன்றத்துக்கு ஐக்கிய நாடுகள் சபை என்றே பெயர். 2008 ஜனவரியில் நியூயார்க்கிலிருக்கும் நிஜ ஐ.நா.விடமிருந்து, எங்கள் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தாதே என்று கடிதம் வந்தது. அந்த ஏப்ரல் முதல் தேதியில் பெயர் ‘உலகப் பேரவை’ என்று மாறியது. முட்டாள்கள் தினக் கேலி என்றுதான் விளையாடியவர்களில் பலர் முதலில் நினைத்தார்கள். உலகத்தில் எத்தனையோ போர்களை நிறுத்த முடியாத சபை இதையாவது நிறுத்தியதே என்று சிரித்துக்கொள்ளலாம்.

அந்த உலகத்தின் முதல் சட்டம் எளிது. 28 நாள் உள்ளே வராவிட்டால் உங்கள் நாடு மறைந்துபோகும். லீவ் சொல்லிவிட்டுப் போனால் 60 நாள் தாங்கும். படையெடுப்போ பஞ்சமோ தேவையில்லை. நீங்கள் எட்டிப்பார்க்காமல் இருந்தாலே போதும். மண்ணாலான நாட்டில் குடிமகன் தூங்கினாலும் நாடு இருக்கும். இங்கே குடிமகன் விழித்திருப்பதுதான் நாடு.

மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1979 டிசம்பர் 26 அன்று ராபர்ட் பென் மேடிசன் என்ற பள்ளிச் சிறுவன் தன் படுக்கையறையைத் தனி நாடாக அறிவித்தான். டலோசா ராஜ்ஜியம். அதற்கென்று ஒரு மொழியையும் உண்டாக்கினான். 1990களின் நடுவில் அது இணையத்துக்கு வந்ததும் வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ‘குடிமக்கள்’ சேர்ந்தார்கள். வந்தவர்கள் கட்சி கட்டினார்கள், சட்டம் படித்தார்கள், மன்னரையே எதிர்த்தார்கள். 2004ல் ஒரு கூட்டம் பிரிந்துபோய்க் குடியரசு அமைத்தது. அடுத்த வருடம் மன்னரே முடியைத் துறந்துவிட்டுப் போனார். 2012ல் இரண்டும் மறுபடி சேர்ந்தன. படுக்கையறையில் நாட்டைத் தொடங்கியவர் வெளியே இருக்கிறார், நாடு உள்ளே நடக்கிறது. தொடர்ந்து தேர்தல்களில் ஓட்டுப் போடாமலிருந்தால் குடியுரிமையே போய்விடும் என்பதும் அங்கே சட்டம். சோம்பேறிகளை நாடு கடத்திவிட்டு மிஞ்சியவர்களை வைத்து நடத்தும் குடியாட்சி என்று இதைச் சொல்லலாம். சொல்லும்போது கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

மொய் வைத்து வாங்கும் பதவி

நேஷன்ஸ்டேட்ஸில் நாடுகள் சேர்ந்து ‘பிராந்தியம்’ ஆகின்றன. நம் மலையில் ஊர்கள் சேர்ந்து நாடு ஆவதுபோல. பேரவையில் உறுப்பினரான ஒவ்வொரு நாடும் தன் பிராந்தியத்திலுள்ள மற்ற உறுப்பினர்களுக்கு ஆதரவு தரலாம். யாருக்கு அதிக ஆதரவு சேர்கிறதோ அவர் பிராந்தியப் பிரதிநிதி. தேர்தல் தேதி கிடையாது, வேட்புமனு கிடையாது. கணக்குச் சரிபார்க்கும் வேளையில் எண்ணிக்கை மாறியிருந்தால் நாற்காலி மாறும். பேரவை வாக்கெடுப்பில் பிரதிநிதியின் ஓட்டுக்கு அவர் வாங்கிய ஆதரவுகளின் எடையும் சேரும். பெரிய பிராந்தியங்களின் பிரதிநிதிகளுக்கு இந்த ஆதரவு ஆயிரத்தைத் தாண்டிப் போவதுண்டு.

ஆதரவைச் சேர்ப்பது எப்படி? ஒரே வழிதான். பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாட்டுக்காகப் போய் நீங்களே முதலில் ஆதரவு கொடுக்க வேண்டும். அவர் பார்ப்பார், திருப்பிக் கொடுப்பார். நம்மூரில் இதற்கு மொய் என்று பெயர். கல்யாணத்துக்கு மொய் வைத்தவன் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பி வைக்காமலிருக்க முடியுமா? நோட்டு வேறு எழுதி வைத்திருக்கிறார்கள், யார் திருப்பினார், யார் திருப்பவில்லை என்று. இதில் சித்தாந்தம் எதுவும் இல்லை, சலிக்காமல் உட்கார்ந்து தட்டுகிற விரல்தான் இருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் செலவிட முடிகிறவனுக்கு ஆறு மாதத்தில் செல்வாக்கு வரும். ஞாயிறு மட்டும் வருகிறவன் எவ்வளவு அறிவாளியாக இருந்தாலும் அவனுக்கு வராது.

ஆதரவு கொடுத்தவர்களில் பலர் பிறகு பக்கமே வருவதில்லை. ஆனால் அவர்கள் நாடு உயிரோடிருக்கும்வரை கொடுத்த ஆதரவும் கணக்கில் நிற்கும். மாதத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்த்து, ஒரு பிரச்சினைக்குப் பதில் சொல்லிவிட்டு, பிராந்தியத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போகிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அரசியலமைப்பு எழுதுகிறவர்கள், நீதிமன்றத்தில் வாதாடுகிறவர்கள், அமைச்சரவையில் இருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து சில டஜன். மேலே இருக்கும் சில டஜன் பேர் சண்டை போடுவது கீழே இருக்கும் அந்த நூற்றுக்கணக்கானவர்களின் உறக்கத்தை வைத்து.

2006ல் ‘செல்வாக்கு’ என்று ஒரு கணக்கைச் சேர்த்தார்கள். ஒரு பிராந்தியத்தில் நாள்பட இருக்க இருக்கச் செல்வாக்கு சேரும். பிரதிநிதி யாரையாவது வெளியே தள்ள வேண்டுமென்றால் தன் செல்வாக்கிலிருந்து விலை கொடுக்க வேண்டும். பழைய ஆளைத் தள்ள விலை அதிகம், நேற்று வந்தவனைத் தள்ள விலை குறைவு. இதற்கு முன் நாற்காலி பிடித்தவன் ஒரே ராத்திரியில் பிராந்தியத்தையே காலி செய்துவிட முடிந்தது. வெற்றுக் கணிப்பொறிக் கணக்குதான், ஆனால் ஒரு ஊரில் நாலு தலைமுறை இருந்தவரைத் தொடுவதற்கும் புதிதாகக் குடி வந்தவரை விரட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அதில் பிசகில்லாமல் இருக்கிறது.

காலை பத்து மணிப் படையெடுப்பு

அந்த உலகம் ஒரு நாளைக்கு இருமுறை தன் கணக்கைச் சரிபார்க்கிறது. நம் நேரத்தில் காலை பத்து மணி வாக்கில் ஒன்று, இரவு பத்து மணி வாக்கில் ஒன்று. ஒவ்வொரு பிராந்தியமாக வரிசையில் கணக்குப் போகும். அந்தக் கணத்தில் யாருக்கு அதிக ஆதரவோ அவருக்கே நாற்காலி.

படையெடுப்பாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். குறிவைத்த பிராந்தியத்தின் முறை வருவதற்குச் சில நொடி முன்னால் பத்துப் பதினைந்து பேர் உள்ளே குதித்து ஒருவனுக்கே ஆதரவைக் கொட்டுவார்கள். கணக்கு முடியும்போது பிரதிநிதி மாறியிருப்பான். கொடி மாறும், முகப்பு வாசகம் மாறும், பழைய குடிகள் வெளியே போவார்கள். இதைத் தடுப்பதற்கென்றே ‘காப்பாளர்கள்’ என்று இன்னொரு கூட்டம், அதே நொடியைக் குறிவைத்து உள்ளே குதிக்கும். மாலைப் பொழுதுகளைச் செலவிட்டு நொடிக்கணக்கைப் பயிற்சி செய்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேலாக இந்தச் சண்டை நடக்கிறது. 2009ல் பேரவைக்கு ஒரு பாதுகாப்பு மன்றம் வந்தது. பாராட்டவும் கண்டிக்கவும், பூட்டப்பட்ட பிராந்தியத்தை ‘விடுவிக்க’வும் அது தீர்மானம் போடும். கண்டனத் தீர்மானம் வாங்குவதைப் படையெடுப்பாளர்கள் பதக்கம்போல் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஓரியின் மலையில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது இன்னொரு படையெடுப்பு நினைவுக்கு வராமலிருக்காது. ஓரியைக் கொன்றவன் திருமுடிக்காரி என்ற குறுநில மன்னன். மலையை அவன் வைத்துக்கொள்ளவில்லை, சேரனுக்குக் கொடுத்துவிட்டான். அகநானூறு சொல்லும் செய்தி இது. பிடிப்பவன் ஒருவன், ஆள்பவன் வேறொருவன். அந்த விளையாட்டிலும் அப்படித்தான். நாற்காலியைப் பிடிக்கத் தெரிந்த படைக்கு ஆளத் தெரியாது. பிடித்த பிராந்தியத்தைக் கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

வெளியிலிருந்து வரும் படையைவிடப் பெரிய ஆபத்து உள்ளேயிருந்துதான் வந்திருக்கிறது. 2003ல் ஃபிரான்கோஸ் ஸ்பெயின் என்ற பெயரில் விளையாடிய ஒருவர் ‘பசிபிக்’ என்ற மிகப் பெரிய பிராந்தியத்தின் நாற்காலியைப் பிடித்தார். எதிர்த்தவர்களை வெளியேற்றினார். ‘புதிய பசிபிக் ஒழுங்கு’ என்று ஒரு ஆட்சியை அறிவித்தார். சிவப்புக் கொடி, புரட்சி மொழி, தத்துவக் கட்டுரைகள் எல்லாம் உண்டு. சில மாதத்தில் கலைந்துவிடும் என்று எதிரிகள் நினைத்தார்கள். அது கலையவில்லை. 2006ல் சைபர் நேஷன்ஸ் என்ற வேறொரு விளையாட்டு வந்தபோது இதே ஆட்கள் அங்கேயும் போய் அதே பெயரில் கூட்டணி அமைத்து அந்த உலகத்தையும் பல வருடம் ஆட்டிவைத்தார்கள். நிலம் இல்லாத நாட்டுக்கு இது வசதி. தட்டுமுட்டுச் சாமான்களோடு அடுத்த விளையாட்டுக்கே குடிபெயரலாம்.

அவர்கள் ஏன் நிலைத்தார்கள் என்பதற்குச் சித்தாந்தத்தைக் காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. என் கணிப்பு வேறு. அவர்கள் ஆட்களுக்கு வேலை கொடுத்தார்கள். புதிதாக வருகிறவனுக்கு ஒரு தந்தி (விளையாட்டுக்குள் அனுப்பும் செய்திக்கு அதுதான் பெயர்), ஒரு பயிற்சி, ஒரு சின்னப் பொறுப்பு, ஒரு பட்டம். சுதந்திரமாக இருந்த பிராந்தியங்களில் வந்தவனை யாரும் கவனிக்கவில்லை. அவன் 28 நாளில் காணாமல் போனான். கட்சி அலுவலக வாசலில் இளைஞனுக்கு ஒரு சால்வையும் ஒரு கொடியும் கொடுத்து ‘வட்டச் செயலாளர்’ என்று சொல்லிப் பாருங்கள், புரியும்.

ருமேனியாவிலிருந்து 2008ல் வந்த இ-ரிபப்ளிக் விளையாட்டில் நிஜ நாடுகளின் பெயரிலேயே ஆட்டம். இந்தியாவும் உண்டு. மாதந்தோறும் 5-ம் தேதி ஜனாதிபதி, 15-ம் தேதி கட்சித் தலைவர், 25-ம் தேதி காங்கிரஸ் என்று தேர்தல் தவறாமல் வரும். குடிகள் குறைவாக இருக்கும் நாட்டுக்குள் வெளிநாட்டார் கூட்டமாகக் குடியுரிமை வாங்கி, தேர்தலில் முறைப்படி ஜெயித்து, கஜானாவைக் காலி செய்துவிட்டுப் போவார்கள். ஒரு ஓட்டுகூடக் கள்ள ஓட்டு இல்லை. சட்டப்படி எல்லாம் சரி. சொந்தக் குடிகள் அன்றைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அப்பா எங்கே?

நேஷன்ஸ்டேட்ஸில் பெரும்பாலான பிராந்தியங்களுக்கு நிறுவியவர் ஒருவர் இருப்பார். அவர் உள்ளே வந்துகொண்டிருக்கும்வரை எந்தப் படையும் நிலைக்க முடியாது. நாற்காலி போனாலும் ஒரே தட்டில் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார். அவர் வருவது நின்றதும் வீடு திறந்து கிடக்கும். படையெடுப்பாளர்கள் தேடுவதே இப்படி நிறுவியவர் மறைந்த பிராந்தியங்களைத்தான்.

அவர் ஏன் மறைந்தார்? பெரும்பாலும் எளிய காரணம்: பள்ளி முடிந்தது. கல்லூரி, வேலை, கல்யாணம். பதினாறு வயதில் எழுதிய அரசியலமைப்பு அவர் இருபத்திரண்டு வயதில் அனாதையானது. அவர் போன பிறகும் உள்ளே நூறு பேர் இருந்தார்கள். ஆனால் சாவி அவர் பாஸ்வேர்டில் இருந்தது. எத்தனையோ பிராந்தியங்கள் இப்படித் திறந்துகிடந்து அழிந்தன. வாரிசை நியமிக்கவும், வேறு வகையில் பிராந்தியத்தை அமைத்துக்கொள்ளவும் 2023ல்தான் வழி வைத்தார்கள். இருபது வருடம் ஆயிற்று, தகப்பன் போவான் என்று ஒரு உலகம் ஒத்துக்கொள்ள. நம் கட்சிகளை நினைத்தால் அது ஒன்றும் அதிக காலம் இல்லை.

ஜெர்மன் சமூகவியலாளர் ராபர்ட் மிஷெல்ஸ் 1911லேயே எழுதினார்: எவ்வளவு ஜனநாயகமாகத் தொடங்கிய அமைப்பும் ஒரு சிறு கூட்டத்தின் கையில்தான் போய் முடியும். அவர் பார்த்தது தொழிலாளர் கட்சியை. இணையத்துக்கும் அது பொருந்துமா என்று ஆரன் ஷா, பெஞ்சமின் மாகோ ஹில் இருவரும் 683 விக்கித் தளங்களை எடுத்து ஆராய்ந்து 2014ல் வெளியிட்டார்கள். தளம் வளர வளர, தொடக்கத்தில் வந்த நிர்வாகிகளின் பிடி இறுகுகிறது, புதிதாக நிர்வாகி ஆவது அரிதாகிறது என்று அவர்கள் கண்டார்கள். யாரும் சதி செய்யவில்லை. முன்னால் வந்தவர்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.

தமிழிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது, நல்ல விதமாக. 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்ப நாட்களில் ஏறக்குறையத் தனி ஆளாகத் தூக்கி நிறுத்தியவர் இலங்கையிலிருந்து வளைகுடாவுக்குப் போய் வேலை பார்த்த இ. மயூரநாதன். 2015-க்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. ஆனால் அங்கே சாவி அவர் ஒருவரிடம் இல்லை. நிர்வாகிகளை மற்றப் பங்களிப்பாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு வருடம் ஒரு தொகுப்பும் செய்யாத நிர்வாகியின் பொறுப்பு உலக விக்கிமீடியா விதிப்படி மறுபரிசீலனைக்கு வரும். பதவியை வைத்துக்கொண்டு வராமலிருக்க முடியாது. நேஷன்ஸ்டேட்ஸில் நாட்டைக் கொல்லும் அதே விதி, இங்கே நாற்காலியை மட்டும் விடுவிக்கிறது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கம் பார்த்தால் நம் ஆளே ஒருவர். திருவண்ணாமலைக்காரர் நித்யானந்தா. வழக்குகள் நிலுவையிலிருக்க 2019ல் நாட்டை விட்டுப் போய்க் கைலாசா என்று தனி நாட்டை அறிவித்தார். கொடி, பாஸ்போர்ட், நாணயம், துறை வாரியாக அமைச்சகம், இணையத்தில் நிரப்பிக் குடியுரிமை கேட்க ஒரு படிவம். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நியூவர்க் நகரம் சகோதர நகர ஒப்பந்தமே போட்டுவிட்டு, சில நாளில் விஷயம் தெரிந்து ரத்து செய்தது. அடுத்த மாதம் ஜெனீவாவில் ஐ.நா. குழுக்களின் பொதுக் கூட்டங்களில் அதன் பிரதிநிதிகள் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. அதே வருடம் பராகுவேயில் ஒரு அதிகாரி கைலாசாவோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வேலையை இழந்தார். செய்தித்தாள்களுக்கு நல்ல தீனி. ஆனால் அரசியல் பார்வையில் கைலாசாவைவிடப் பதினேழு வயதுப் பையன் நடத்தும் பிராந்தியம் சுவாரசியமானது. அங்கே பையனைக் கவிழ்க்கலாம். இங்கே தலைவர் தேர்தலில் வந்தவரும் இல்லை, தேர்தலில் போகப்போகிறவரும் இல்லை. குடிமகனின் வேலை எண்ணிக்கையில் ஒன்றாக இருப்பது.

வெளியே போக முடியாத நாடு

மறுபடி மலைக்கு வருகிறேன். கொல்லிமலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வார்கள். காஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் மலைகளைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பது அவர்களின் பூர்வ கதை. ஊருக்கு ஊர்க்கவுண்டர், அதற்கு மேல் நாட்டுக்குத் தலைமை, பட்டக்காரர் என்று அடுக்குகள். கோயில் நோன்பு எப்போது, யார் வீட்டுக் கல்யாணத்தில் யாருக்கு முதல் மரியாதை, வரப்புத் தகராறில் யார் சொல் நிற்கும் என்பதையெல்லாம் நாடு பேசும். பதவி பெரும்பாலும் வம்ச வழி. நேஷன்ஸ்டேட்ஸ் ஆட்கள் கேட்டால் இது என்ன ஜனநாயகம் என்பார்கள்.

ஆனால் இவர்களுக்கு ஒரு கட்டாயம் இருக்கிறது, அவர்களுக்கு இல்லாத ஒன்று. நாளைக்கும் இதே முகத்தில்தான் விழிக்க வேண்டும். தின்னனூர் நாட்டுக்காரர் கோபித்துக்கொண்டு வாழவந்தி நாட்டுக்குத் தன் மிளகுக்கொடியையும் பலாமரத்தையும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அதனால் கூட்டம் விடிய விடிய நடந்தாலும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். இணைய நாட்டில் கோபம் வந்தால் கதவு திறந்திருக்கிறது. ஒரே தட்டில் வேறு பிராந்தியம், அல்லது வேறு பெயரில் புது நாடு. வெளியேறுவது இலவசம் என்பதால் தோற்றவர்கள் இருந்து எதிர்ப்பதில்லை, போய்விடுகிறார்கள். எதிர்க்கட்சி என்று ஒன்று ஊறவே நேரமில்லை. அந்த நாடுகளில் சர்வாதிகாரம் இவ்வளவு எளிதாக வருவதற்கு ஆதரவுக் கணக்கைவிட இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு, அதை மறைத்து மலையைப் புகழக் கூடாது. வெளியே போக முடியாத இடத்தில்தான் தள்ளி வைப்பது என்பது தண்டனை ஆகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஊர் விலக்கம் எவ்வளவு கொடுமை என்பதற்கு வழக்குக் கட்டுகளே சாட்சி. தண்ணீர், நெருப்பு, நல்லது கெட்டது எல்லாம் அறுபடும். இணையத்தில் விலக்கப்பட்டவன் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கிவிட்டு மறுநாள் வேறு பெயரில் வந்து நிற்பான்.

இந்த 14 நாடுகளின் பெயரையே அரசாங்கம் 14 ஊராட்சிகளுக்கும் வைத்திருக்கிறது. பழங்குடிப் பகுதிகளுக்கான தனிப் பஞ்சாயத்துச் சட்டம் 1996ல் வந்தாலும் தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால் அது இங்கே செல்லாது. மாநிலத்தின் பொதுவான 1994-ம் வருட ஊராட்சிச் சட்டம்தான். அதன்படி கிராம சபைக்கு வருகைக் கணக்கு உண்டு: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை. கையெழுத்து நோட்டு சுற்றி வரும். அந்த நோட்டில் எத்தனை கையெழுத்து கூட்டத்துக்கு முன்னால், எத்தனை பின்னால் என்பது தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் கேட்கக் கூடாத கேள்வி. நூறு நாள் வேலைக்குப் போனவர்களை அப்படியே அழைத்து வந்து உட்கார வைத்த சபைகளை நானே பார்த்திருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை.

ஒரு வேடிக்கை. இ-ரிபப்ளிக்கின் பொம்மை நாடுகளில் மாதத்துக்கு மூன்று தேர்தல் தேதி தவறாமல் வருகிறது. நாமக்கல் உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ல் முடிந்தது. முடிந்த கையோடு தேர்தல் வரவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள். வாழவந்தி நாட்டிலும் தின்னனூர் நாட்டிலும் மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள், மரவள்ளி நட்டுக்கொண்டு, அன்னாசி அறுத்துக்கொண்டு. நாற்காலிதான் உள்ளே வரவில்லை.

டீ ஆறிப்போயிருந்தது. போனை எடுத்தேன். செம்மேட்டில் சிக்னல் இருக்கும், வளைவில் இறங்கினால் போய்விடும் என்பதால் அங்கேயே முயன்றேன். பழைய பாஸ்வேர்ட் மூன்றாவது முயற்சியில் வந்தது. என் நாடு மறைந்து பல வருடம் ஆகிவிட்டது என்று திரை சொன்னது. மீட்கலாம், ஒரு பொத்தான் இருக்கிறது. மீண்டு எழுகிற நாடுகள் போய்ச் சேர்வதற்கென்று அங்கே லாசரஸ், பால்டர், ஒசைரிஸ் என்று பிராந்தியங்கள் உண்டு. மூன்றும் சாவோடு சம்பந்தப்பட்ட பெயர்கள். என் நாடு ஒசைரிஸில் எழுந்தது. கொடி அப்படியே இருந்தது. தேவாங்கும் இருந்தது. மேசையில் இரண்டு பிரச்சினைகள் காத்திருந்தன.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தந்திகள் வரத் தொடங்கின. எங்கள் பிராந்தியத்துக்கு வாருங்கள், உங்களுக்கு ஒரு பொறுப்பு தருகிறோம், எங்களிடம் நல்ல அரசியலமைப்பு இருக்கிறது, எங்களிடம் படை இருக்கிறது. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் பெட்டியைப் பிடுங்காத குறையாக அழைப்பார்களே, அதே குரல். ஏழாவது தந்தி வரும்போது பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

‘‘எந்த நாடுங்க நீங்க?’’

சேந்தமங்கலம் போகும் பஸ் ஹாரன் அடித்தது. ‘‘கீழ் நாடுங்கய்யா’’ என்று சொல்லிவிட்டு ஏறினேன். முதல் வளைவிலேயே சிக்னல் போயிற்று. பிரச்சினைகள் இரண்டுக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்றோடு ஒன்பது நாள்.